எல்லைக் கோட்டில் வந்து நின்ற ஷிப்ட் பஸ்

நாட்டைப் பிரிப்பது சுலபம். பிரித்த நாடு பிரிந்தபடியே நிற்க வேண்டுமே, அதுதான் பெரும்பாடு. ஒரகடத்தில் அதைச் செய்துபார்த்து மண்ணைக் கவ்வியவள் நான்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அங்கே ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் மட்டும் பெரிய டைரக்டர். (கோடம்பாக்கமே கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிற நினைப்பு!) கம்பெனி ஆண்டு விழாவுக்கு, இந்தியா இரண்டான கதையைக் குறும்படமாக எடுக்கப்போவதாக அறிவித்துவிட்டேன். அப்பாவும் சித்தப்பாவும் வீட்டில் நடுச்சுவர் வைத்துப் பிரிந்து, வருஷக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாதவர்கள். பிரிவினையைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன?

ஊரில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா போனில் கறாராகச் சொன்னார்: "விழாவுக்கு வாரேன். படம் நல்லா இருந்தா அங்கனயே இரு. இல்லன்னா பொட்டியக் கட்டிட்டு என் கூடக் கிளம்பிரணும், ஆமா."

விடுவேனா நான்? வாலாஜாபாத்திலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரரைப் பிடித்தேன். சாயங்காலம் அவருக்கு ரிசப்ஷன், மதியம் எங்களுக்கு ஷிப்ட். ஆகவே காலையில், பஸ் நிற்கும் இடத்தை ஒட்டிய பொட்டலில் படப்பிடிப்பு. சுண்ணாம்பால் கோடு கிழித்தேன். இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் பாகிஸ்தான். அகதிகள் எல்லாம் என் லைன் பிள்ளைகள். யூனிபார்முக்கு மேலேயே சேலை, தலைமூட்டைக்குள் டிபன் பாக்ஸ்.

கடைசிக் காட்சி. எல்லையில் தம்பி செத்துக் கிடக்கிறான் (கேன்டீன் முருகேசன்). அக்கா கதறுகிறாள். அக்காவாக நடித்த வல்லக்கோட்டை வசந்தி அழுத அழுகையில் எனக்கே 'கட்' சொல்ல மறந்துபோனது. ஜெயிச்சுட்டோம் என்றே நினைத்தேன்.

பாம் பாம் என்று வந்து நின்றது ஷிப்ட் பஸ், வழக்கத்துக்கு முன்னாலேயே!

அதை விட்டால் ஆப்சென்ட், போதாததற்கு சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். முதலில் பாகிஸ்தான் ஓடியது. பின்னாலேயே இந்தியா. என் எல்லைக் கோடு காலடியில் காணாமல் போனது.

"யாரும் அசையாதீங்க! இன்னும் ஒரே ஒரு ஷாட்டு!" என்று கத்தினேன்.

"இன்னாக்கா நீ! அவன் வுட்டுட்டுப் பூடுவான், வா சீக்கிரம்!" கன்னத்துக் கண்ணீரைக்கூடத் துடைக்காமல் வசந்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். பார்த்தால், செத்துப்போன தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். பொய் சொல்வானேன், நானும் ஓடித்தான் ஏறினேன்.

கல்யாண வீடியோக்காரர்கள் கேமராவை நிறுத்தவே மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. லீவு கிடைக்காததால் எடிட்டிங்கையும் அவரிடமே விட்டிருந்தேன். சிடி வந்து சேர்ந்ததே விழா அன்றுதான்.

திரையில் அக்காவின் அழுத முகம் ரோஜாப்பூவுக்குள் மலர்ந்தது. தம்பியின் பிணம் இதயத்துக்குள் சுற்றி வந்தது. பிறகு பஸ், ஓட்டம், துண்டு, கடைசியில் படிக்கட்டில் தொற்றிய டைரக்டர் என்று ஒன்றையும் விடாமல் வந்தது. அரங்கமே சிரித்து உருண்டது. அவமானம் தாங்காமல் எனக்கு அழுகை முட்டியது. அப்பாவைத் தேடினேன்.

அப்பா ஒரு பக்கம், நான் தனியாகக் கூப்பிட்டதற்காக வந்திருந்த சித்தப்பா ஒரு பக்கம், நடுவில் எல்லைக் காவலாக அம்மா. அப்பா சிரிப்புத் தாளாமல் அம்மாவைத் தாண்டிச் சித்தப்பாவின் தொடையில் ஓங்கித் தட்டினார். "ஏலே, செத்தவன் சீட்டு போடுதான் பாருலே!"

தட்டிய பிறகுதான் யாரைத் தட்டினோம் என்பது உறைத்திருக்க வேண்டும், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் விறைப்பாகக் கேட்டேன்: "பொட்டியக் கட்டட்டாப்பா?"

"எதுக்குட்டி? அடுத்த படத்த எடு. லீவு நாளாப் பாத்து எடு."

நடுச்சுவர் இன்னும் நிற்கிறது. இப்போது பேச்சு உண்டு, அதனால் சண்டையும் உண்டு. குரல் உயர்ந்தால் போதும், அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போடுவாள்: "பஸ் வந்துட்டு!"

சண்டை அங்கேயே அறுந்துபோகும். பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா குரல் வரும்: "எனக்கும் ஒரு துண்டு போட்டு வைங்க, மதினி!"