விசில் வாத்தியாரும் ஒரு சொம்பு மோரும்

எனக்கு எண்பது வயது நடக்கிறது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பொய் எழுத மாட்டேன். எங்கள் சீமையில் விசில் வாத்தியாரைப் போல ஒரு கல்நெஞ்சுக்காரர் பிறந்ததில்லை.

வெள்ளைக்காரன் காலம். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சாரணர் படை நடத்தினார். கல்யாணப் பந்திக்கும் காக்கி அரைக்கால் சட்டைதான். விசில் கழுத்தை விட்டு இறங்காது. வீட்டில் காப்பி வேண்டுமென்றாலும் ஊதுவார். ஊதி ஊதி, அடுத்த வீட்டு ஆடுகள் வந்து வரிசையாக நிற்கும். அவர் சம்சாரம் மட்டும் வராது.

தை மாதம் பையன்களைப் பிரான்மலைக்கு நடத்திக் கூட்டிப்போவார். மலையேறித் திரும்பியவன் கழுத்தில் மஞ்சள் துணி கட்டுவார். துணி கட்டியவன் மதுரைப் பெரிய முகாமுக்குப் போகலாம். என் மூத்தவன் தூக்கத்திலும் அந்தத் துணியைத்தான் பேசினான். விதி ஒன்றே ஒன்று: அவரவர் மூட்டையில் உள்ளதுதான் சாப்பாடு, வழியில் யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

தை மாதம், கையில் கம்பு, தோளில் மூட்டை, வெறுங்கால். எங்கள் சனம் வேறென்ன நினைக்கும்? பழனிக்கு நடக்கிறார்கள் என்றுதான். திருப்பத்தூர் தாண்டி ஒரு கிழவி மோர்ச் சொம்போடு வந்து என் மகன் காலில் விழுந்துவிட்டாள்.

"முருகா, இத வாங்கிக்கப்பா. ஒனக்குத்தான் கொண்டாந்தேன்."

மறுத்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? குடித்துவிட்டான். உடனே விசில்.

எல்லாக் கழுத்திலும் துணி ஏறியது, அவன் கழுத்தைத் தவிர. எங்கள் ஊர் மானகிரியிலிருந்து காரைக்குடிக்கு நடந்தே போய்க் கேட்டேன்.

"மோர் குடிச்சது குத்தமா, வாத்தியாரய்யா?"

"குத்தமில்ல தாயி. விதி."

"கிழவி காலுல விழுந்தா என்ன செய்யணும்னு ஒங்க விதியில இல்லையா?"

"அடுத்த வருசம் நடக்கட்டும்."

அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்திலேயே இல்லை. அவன் அப்பா வயலுக்கு இழுத்துக்கொண்டார். அந்த முகாமை அவன் பார்க்கவேயில்லை.

மறு தையில், படை மலையேறித் திரும்பும் நாள் பார்த்து, பானை நிறைய மோரோடு மானகிரி ரோட்டை மறித்து நின்றேன். ஒன்று, அவர் வாயாலேயே விதி உடைய வேண்டும். இல்லை, தவித்து வரும் பிள்ளைகள் அவர் கல்நெஞ்சைப் பார்க்க வேண்டும்.

"பழனிக்குப் போறீகளா, சாமி?" என்றேன்.

கூட வந்து நின்ற என் கொழுந்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பழனி அங்குட்டுல்ல இருக்கு, மதினி. இவுக இங்குட்டுல்ல வாராக."

வாத்தியார் என்னைப் பார்த்தார். பிள்ளைகளின் காய்ந்த உதட்டைப் பார்த்தார். கதிர்க்கட்டோடு வரப்பில் நின்ற என் மகனையும் பார்த்தார். விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அரோகரா" என்றார்.

பிள்ளைகள் பானையைக் குடித்தே காலி செய்துவிட்டார்கள். அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

என் மகனுக்குத் துணி கடைசிவரை வரவில்லை. நானும் அவரை மன்னிக்கவில்லை.

இந்தா பேத்தி வள்ளி, இதை வாசித்துக் காட்டு. அவரைத் திட்டினதெல்லாம் ஒன்று விடாமல் இருக்கிறதா பார். அரோகரா வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசி, ஆத்தா.