கண்ணுக்குப் போட்ட விஷ ஊசி

"என் பொண்டாட்டி கண்ணுல விஷம் ஏற வுடமாட்டேன்" என்று எங்கள் வீட்டுக்காரர் தறியைத் தட்டிச் சபதம் செய்தார். நான் அதிகம் பேசாதவள். சரிங்க என்றேன்.

என் கண் இரண்டும் தானாக இறுக்கி மூடிக்கொள்ளும். நினைத்தாலும் திறக்க முடியாது. அப்படி மூடிய நேரத்தில் குழந்தை அடுப்பு வரைக்கும் தவழ்ந்து போய்விட்டது. அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு. கெட்டுப்போன சாப்பாட்டில் உண்டாகிற ஒரு விஷத்தைத் துளியிலும் துளியாக இமையோரம் ஊசி போட்டால் இறுக்குகிற சதை தளரும், மூன்று மாதம் தாங்கும் என்றார் மெட்ராஸ் கண் டாக்டர். இவர் காதில் விஷம் மட்டும்தான் விழுந்தது.

பட்டுப்புடவைக்குக் கரை நெய்ய இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, ஊடு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். "நாடா தள்ள சோம்பிகினு நடிக்கிறடி" என்றார்.

சரி. மறுநாளிலிருந்து கண் மூடினால் போதும், "ஏங்க, கொஞ்சம் வாங்க" என்பேன். ஊசி வேண்டாமென்றவர் நீங்கள், இனி நீங்களே எனக்குக் கண் என்று சொல்லிவிட்டேன். தறிக்குழியிலிருந்து ஏறி வந்து குழந்தையைத் தூக்கினார். அரிசியில் கல் பொறுக்கினார். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தார்.

"இன்னா வேணுகோபாலு, கொடத்த இடுப்புல வெக்கட்டா, தலையில வெக்கட்டா?" என்று பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் அக்கா கேட்டார்.

அமாவாசை வந்தது. அன்று ஊரில் ஒரு தறியும் ஓடாது. சீட்டாட இவர் சட்டை மாட்டும்போது என் கண் மூடிக்கொண்டது.

"ஏங்க."

சீட்டுக்கட்டைத் தரையில் வீசிய சத்தம் கேட்டது. "பேஜாரா கீதுடி உன்னோட. ஜல்தி கெளம்பு, மெட்ராஸ் பஸ்ஸு போயிடும்" என்றார்.

ஊசி போட்டாயிற்று. வேலை செய்யச் சில நாளாகும் என்று டாக்டர் சொல்லும்போது இவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

இப்போது குழந்தை எந்தப் பக்கம் தவழ்ந்தாலும் எனக்குத் தெரிகிறது. ஆனால் தறியில் உட்கார்ந்தால் திறக்கிற கண், முறத்தையும் குடத்தையும் பார்த்தால் மூடிக்கொள்கிறது என்று இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வெளிநாட்டு மருந்து அப்படித்தான் இருக்கும் என்று தெருவுக்கே இவர் விளக்கம் சொல்கிறார்.

நேற்று முறத்தோடு உட்கார்ந்து கேட்டார்: "இன்னுமாடி கண்ணு சரியாவல?"

"இல்லீங்க" என்றேன். "இடது பக்கம் ஓரமா ஒரு கல்ல வுட்டுட்டீங்க பாருங்க."

எடுத்துப் போட்டார்.