ஏணியை விடாத லதீஃப்

"என் தோணியிலேருந்து என் பொண்டாட்டி கடல்ல குதிக்க மாட்டா. குதிச்சா நான் லதீஃபே இல்ல!"

மாலத்தீவின் திகுரா தீவுப் படகுத்துறையில் நின்று, நாலு பேர் கேட்க முழங்கினான் லதீஃப். நாலாவது ஆள் அவன் மனைவி ஷீஸா என்பதை அவன் கவனிக்கவில்லை.

"அப்ப வேற பேரு யோசிச்சு வை," என்றாள் அவள்.

திமிங்கலச் சுறா காட்டுவதுதான் லதீஃபின் பிழைப்பு. பேருந்து நீளம், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, யாரையும் கடிக்காத சாது. பவளத்திட்டின் ஓரமாக வாயைப் பிளந்துகொண்டு மெல்லப் போகும். வந்தவர்கள் மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு அதன் பக்கத்தில் நீந்துவார்கள். லதீஃபோ ஒரு கையால் தோணி ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி "அதோ!" என்பான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். அந்த மீன்களில் ஒன்றுக்குக்கூட அவன் முகம் தெரியாது. அவனுக்கு மீன் என்றால் பயம் என்பது ஊருக்கும் தெரியாது.

இப்போது மாலேயிலிருந்து டீச்சர்கள் வந்திருந்தார்கள். பெண் வழிகாட்டி இருந்தால்தான் இறங்குவோம் என்றார்கள். ஷீஸா வழிகாட்டிப் பயிற்சியில் தேறியவள். லதீஃப் மறுத்தால், அவளை ஏற்றிக்கொள்ள அவன் தொழில் போட்டியாளன் ஆதமின் தோணி காத்திருந்தது.

காலையில் ரொஷி ரொட்டியைப் பிய்த்தபடியே லதீஃப் சொன்னான்: "ஒரே ஒரு தடவை இறங்கு. நீ கத்தினா, அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"கத்தலன்னா?"

"கத்துவ."

"அவ்வளவு நம்பிக்கையா?"

"மீன் மேல நம்பிக்கை!"

உண்மையில் அவன் நம்பியது தன்னைத்தான். அடியில் போய் அவள் காலைப் பிடித்து ஒரே இழுப்பு. கத்தாமல் இருப்பாளா?

திட்டின் ஓரத்தில் மீன் தென்பட்டதும், "ஐயோ, வயிறு!" என்று தோணியின் பின்பக்கம் ஓடினான் லதீஃப். டீச்சர்களோடு ஷீஸா முன்பக்கம் இறங்கினாள். அவன் பின்பக்கம் நழுவினான். வாழ்க்கையில் முதல்முறையாக ஏணியை விட்டான்.

மூச்சை அடக்கி நீந்தினான். அவள் கால் தெரிந்தது. கையை நீட்டினான். ஏதோ நிழல் தட்டுவது போலிருக்க, திரும்பினான்.

எதிரே ஒரு வாய். கதவில்லாத வீடு மாதிரி. நேராக அவனை நோக்கி வந்தது.

லதீஃப் கத்தினான். வாயிலிருந்த குழாய் வழியாக அந்தச் சத்தம் ஓட்டைச் சங்கு மாதிரி கடலெங்கும் போனது. குழாய் வழியாகக் கடல் அவனுக்குள் வந்தது. மீன் வாயை மூடி, விருப்பமில்லை என்பது போல் விலகிப் போய்விட்டது.

காத்திருந்தவள் போல ஷீஸாதான் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தோணி வரை இழுத்து வந்தாள்.

டீச்சர்கள் கைதட்டினார்கள். தலைமை டீச்சருக்கு ஒரே பூரிப்பு. "மூழ்குறவங்களை எப்படிக் காப்பாத்தணும்னு செஞ்சே காட்டிட்டீங்களே! அவரு நடிப்பு அப்படியே நிஜம் மாதிரி இருந்துச்சு!"

லதீஃப் இருமி முடித்து, மனைவியின் காதருகே போனான். "நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வயித்து வலிக்காரன் எவன்டா கால்ல நீச்சல் துடுப்பு மாட்டிக்கிட்டு கக்கூஸுக்கு ஓடுவான்? தப் தப்னு தோணி முழுக்கக் கேட்டுச்சு."

அடங்கிவிடுவானா லதீஃப்? சொட்டச் சொட்ட எழுந்து, நெஞ்சை நிமிர்த்தினான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! நான் தோக்கல. இனிமே லதீஃப் கடல்ல காலே வைக்க மாட்டான். யாரு உங்களுக்கு மீன் காட்டுறாங்கன்னு பாக்கிறேன்!"

கெஞ்சுவார்கள் என்று காத்திருந்தான். யாரும் கெஞ்சவில்லை.

"அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்," என்றாள் ஷீஸா, நீச்சல் கண்ணாடியைக் கழுவிக்கொண்டே. "நீ மேல, நான் கீழ. சட்டையை மாத்திட்டு எல்லாருக்கும் டீ போடு."

"போட மாட்டேன்!"

"சரி."

அந்த 'சரி'யில் என்ன இருந்ததோ, லதீஃப் அடுப்பைப் பற்றவைத்தான். ஆனாலும் பணியவில்லை. வேண்டுமென்றே ஒரு கோப்பையிலும் சர்க்கரை போடவில்லை. குடிக்கட்டும், முகம் சுளிக்கட்டும், அப்போது தெரியும் லதீஃப் யாரென்று.

தலைமை டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு, முகம் மலர்ந்தார்.

"எங்க எல்லாருக்குமே சர்க்கரை வியாதி தம்பி. 'நீங்க அவருகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, கோவத்துல அவரே சர்க்கரை இல்லாமத்தான் போடுவாரு'ன்னு ஷீஸா அப்பவே சொல்லிட்டா!"