சுனில்டா நீட்டிய இரண்டாவது பாட்டில்

போன வருஷம் என் சிறுநீரகத்திலிருந்து ஒரு கல் வெளியே வந்தது. மிளகு அளவுதான். நான் போட்ட கூச்சல் பராகுவாய் ஆற்றின் அக்கரைவரை கேட்டதாம். அன்றிலிருந்து தினமும் நான் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் என் மனைவி சுனில்டா. சுகாதார நிலையத்து ஆய்வுக்கூடத்தில் வேலை. சிறுநீரைப் பார்த்தே ஊர்க்காரர்களின் ரகசியத்தைச் சொல்லிவிடுவாள்.

எனக்குத் தண்ணீர் என்றால் வேப்பங்காய். மீன்பிடி என்றால் உயிர்.

"ஞாயித்துக்கிழமை வில்ஃபிரிதோவோட சுருபி மீன் பிடிக்கப் போறேன்."

"போங்களேன். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டில்ல பிடிச்சுக் குடுங்க. வெளுப்பா இருந்தா தூண்டில் உங்க கையில. மஞ்சளா இருந்தா அலமாரியில."

சனிக்கிழமை நான் விஞ்ஞானி ஆனேன். மத்தியானம் என் மீன்பிடிக் கூட்டாளி வில்ஃபிரிதோ வீட்டில் நாலு பீர். சாயங்காலம் பாட்டிலை நீட்டினேன். மழைத்தண்ணீர் தோற்றது.

சுனில்டா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அடேயப்பா, என்ன குடிச்சீங்க?"

"தண்ணிதான். மூணு லிட்டர்."

"சமத்து," என்றாள். தூண்டில் கைக்கு வந்தது. பெண்டாட்டியை ஏய்த்த முதல் பராகுவாய்க்காரன் என்ற மிதப்பில் தூங்கிப்போனேன்.

விடிந்தபோது நாக்கு மேல்வாயில் ஒட்டியிருந்தது. குளியலறை வாசலில் சுனில்டா நின்றாள், கையில் இன்னொரு பாட்டிலோடு.

"இது எதுக்கு?"

"நேத்து உங்களுக்கு முன்னாடி பீர் வாடை உள்ள வந்துச்சு. 'தண்ணியை விடாதே, பிடிச்சு வை'ன்னு மூளை கிட்னிக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். பீர் உள்ள போனா சேதி நின்னுடும். மதகு திறந்துக்கும், வெளுப்பாத்தான் போகும். உடம்பு காஞ்சப்புறம்தான் உண்மை தெரியும். பிடிங்க."

பிடித்தேன். சர்க்கரையைக் கருக்கிப் போடுவோமே, அந்தக் காலைத் தேநீரின் நிறம்.

வில்ஃபிரிதோ தனியாகப் போனான். நான் மாமரத்தடியில் உட்கார்ந்தேன். சுனில்டா கொம்புக் குவளையில் தெரெரே ஊற்றி ஊற்றி நீட்டினாள். ஐஸ் போட்ட மூலிகைத் தண்ணீர். குடிக்கிறவன் நன்றி சொன்னால் போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் ஊற்றமாட்டார்கள். நான் பதினோரு தடவை நன்றி சொன்னேன். ஒன்றுகூட அவள் காதில் விழவில்லை.

சாயங்காலம் வில்ஃபிரிதோ பாதி சுருபியைக் கொடுத்தனுப்பினான். தக்காளியும் பாலாடைக்கட்டியும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க மீன்சூப். கிண்ணம் என் முன்னால் வந்ததும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"நன்றி, சுனில்டா."

"இது நல்லாக் கேட்டுச்சு," என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.