இன்றேலர் கேட்ட ஆட்டுக் கேள்வி

எனக்கு வயது எழுபத்தொன்பது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். கொட்டாவியைக்கூடக் கேள்வியாக விட்ட மனிதர் இன்றேலர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளில், ஜெயபுரத்துக்கு அங்கால் எங்கள் ஊரில் சைக்கிள் திருத்தினவர். ஒருநாள் சங்கக் கடையில் பருப்புச் சுற்றிக் கொடுத்த தாளில் பாராளுமன்றக் கேள்விகள் அச்சாகியிருந்தன. (அ) அமைச்சர் அறிவாரா, (ஆ) எப்போது செய்வார், (இ) இன்றேல், ஏன் என்று எம்.பிமார் கேட்டிருந்தார்கள். அன்றோடு மனிதர் மாறிப்போனார், ஊரும் அவருக்கு இன்றேலர் என்று பெயர் வைத்தது.

"அ, சோறு ஆக்கியாச்சோ? ஆ, எப்ப போடுவீர்? இ, இன்றேல், ஏன்?"

பெண்சாதி அகப்பையைத் தூக்கினா. காற்றுப் போன ரியூப்பையும் அவர் அப்படித்தான் விசாரிப்பார்.

எங்கள் ஊர் அரசாங்க மருந்தகத்தில் மருத்துவிச்சி இல்லை. மூத்த மகளின் முதற்பிள்ளை, கிளிநொச்சிக்குக் கொண்டுபோகும் வழியில் ட்ரக்டர் பெட்டியிலேயே பிறந்து, கண் திறக்காமல் போனது. திரும்பவும் அவளுக்கு ஐந்து மாதம். எம்.பிக்கு ஒரு மனு எழுதித் தாரும் என்று இன்றேலரிடம் போனேன். கெஞ்சி எழுத அவர் ஒப்பவில்லை.

"மருத்துவிச்சி இல்லையெண்டு அழுதால் எம்.பி சபையிலை அழ ஏலுமே அக்கா? ஏன் இல்லையெண்டு கேளுங்கோ. அதை அவர் எழும்பிக் கேக்கலாம்."

அப்படியே கேள்வியாக எழுதி, கைநாட்டு வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை. என் பெயரை நானே எழுதினேன், அரை மணித்தியாலம் எடுத்தது. கடிதம் வவுனியா போய், கொழும்பு போனது.

இரண்டு மாதம் கழித்து, அமைச்சரின் மறுமொழியை எம்.பி அனுப்பியிருந்தார். இன்றேலர் வாசித்தார். (அ) மருத்துவிச்சி கடமையில் இருக்கிறார். (ஆ) மருந்தக விடுதியிலேயே தங்கியிருக்கிறார். (இ) எழவில்லை. அதாவது, ஏன் என்று கேட்கவே இடமில்லையாம்.

கவனிப்பாரில்லாத அந்த விடுதியில் தங்கியிருந்தவை என்னுடைய மூன்று ஆடுகள். மகள் வயிற்றில் கை வைத்தபடி நின்றாள்.

வேறு ஆளென்றால் தாளைக் கிழித்திருப்பார். இன்றேலர் விடுதிக்குப் போய்க் கதவைத் தட்டினார். "மிஸ், உள்ளை நிக்கிறியளோ?" ஆடு கத்தியது. கட்டிலுக்குக் கீழே, கூரைக்கு மேலே, கிணற்றுக்குள் எல்லாம் தேடிவிட்டு வந்தார்.

"அமைச்சர் சபையிலை சொன்னது பொய்யாகாது அக்கா. எங்களுக்குத்தான் கண் தெரியேல்லை. இனி இப்பிடிக் கேப்பம். அந்த மிஸ் எந்த ஆட்டுக்குப் பக்கத்திலை படுக்கிறா?"

"உமக்கு விசரே? ஆட்டைப் பற்றிச் சபையிலை கேக்கிறதோ?"

"இன்றேல், ஏன்?"

மறுபடி பெயர் எழுதிக் கொடுத்தேன். எம்.பி அதை அப்படியே வாசித்தாராம். சபை முழுக்கச் சிரித்ததாம். அமைச்சர் மட்டும் சிரிக்கவில்லையாம்.

மகளுக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது, ஒரு பெண்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கி, மருத்துவிச்சி விடுதி எங்கே என்று கேட்டா. நான் ஆடுகளை இழுக்க ஓடினேன். இன்றேலர் திகைத்துப்போய் அவாவை இரண்டுதரம் சுற்றி நடந்து பார்த்தார்.

"அ, நீங்கள் உண்மையான ஆள்தானோ மிஸ்?"

பன்னிரண்டாம் நாள் அவாவின் கையில் பேரன் பிறந்தான். வீறிட்டு அழுதான். வெளியில் நின்ற இன்றேலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாய் திறந்தார். அ வரவில்லை, ஆ வரவில்லை. கண்தான் நிறைந்தது.

அந்தப் பேரன்தான் இப்போது பக்கத்தில் இருக்கிறான். இந்தா மோனை, அன்று பெயரில் தொடங்கி எழுதப் பழகின நான் இவ்வளவும் எழுதினதை ஒருக்கா வாசி. உன்னைத் தூக்கினபோது அந்த மனிதர் ஒன்றும் கேட்காமல் நின்ற இடத்தை மட்டும் இரண்டுதரம் வாசி.