மகாராஜனை ஏமாற்ற முடியாது

குரங்கணி மலையைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைகை அணைக்குள் போட்டுவிடலாம். போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளை இஸ்திரி போட்டு நிமிர்த்திவிடலாம். எங்கள் ஊர் ஏலக்காய் வியாபாரி மகாராஜனை மட்டும் இந்தப் பூமியில் பிறந்த எவனும், இனிப் பிறக்கப்போகிற எவனும் ஏமாற்ற முடியாது. இதை நான் சொல்லவில்லை. அவரே சொல்கிறார். தினமும் சொல்கிறார்.

ஏமாறாதவர்கள் என்பது ஒரு தனி இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஏலக்காய் மூட்டையைக் காட்டினால் மகாராஜன் மேலே கிடக்கிற காயைத் தொடமாட்டார். சட்டையைச் சுருட்டிக்கொண்டு தோள்வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, முகர்ந்து, கடித்து, கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்து, மறுபடி கடித்து, 'ம்' என்பார். வடையைப் பிட்டுப் பார்த்த பிறகுதான் காசு. சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஓடிபி கேட்டால் முதலில் அவருடைய ஆதார் அட்டையை வாங்கிப் பார்ப்பார். இப்படிப்பட்டவரிடம் எவன் வாலாட்டுவான்?

ஒருவன் ஆட்டினான். மெயிலில்.

போடிமெட்டுக்குக் கீழே சரிவில் ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் விலைக்கு வந்தது. சொந்தக்காரர் அருணா கோயம்புத்தூரில் குடியேறிவிட்டவர். மகாராஜனின் மனைவி, எனக்கு அத்தை முறையாகும் வீரலட்சுமிக்கு அந்தத் தோட்டத்தின் மேல் ஒரு கண். பதினான்கு வருடம் விடியுமுன்னே ஜீப்பில் தொத்திக்கொண்டு போய் அடுத்தவர் தோட்டத்தில் காய் பறித்தவர். சொந்தச் செடியில் ஒரு நாளாவது கை வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு. நகை போயிற்று, வீட்டுக்குப் பின்னாலிருந்த மனை போயிற்று, பன்னிரண்டு லட்சம் சேர்ந்தது. பாதியை முதலிலும் மீதியைப் பத்திரம் பதிகிற அன்றும் அருணாவின் கணக்கில் போடுவதாக வக்கீல் சோலைமலையின் ஆபீசில் பேச்சு.

முதல் பாதி போகவேண்டிய காலையில் வக்கீல் ஆபீஸ் பெயரில் மெயில் வந்தது. அருணாவின் கணக்கு முடங்கியிருக்கிறதாம். கீழே உள்ள புதுக் கணக்கில் பகல் பன்னிரண்டுக்குள் செலுத்த வேண்டுமாம். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணை அழைக்கலாமாம்.

மகாராஜன் சிரித்தார். "கேக்காம அனுப்புறவனா நானு?"

அழைத்தார். எந்த எண்ணை? அதே மெயிலில் இருந்த எண்ணை! மூட்டையின் அடிவரை கைவிட்டுப் பார்க்கிற மனிதர் திருடனிடமே போய், 'ஏப்பா, நீ திருடனா?' என்று விசாரித்தார். இல்லை என்றான். திருப்தி. பத்தாவதைத் தாண்டாத எனக்கே சிரிப்பு வருகிறது.

பேசியவன் பெயர் பிரபுவாம், வக்கீல் ஆபீஸாம். சர்வே எண், தொகை, மகாராஜனின் அப்பா பெயர் எல்லாவற்றையும் மணிமணியாகச் சொன்னான். மகாராஜன் வங்கிக்குக் கிளம்பச் செருப்பை மாட்டினார்.

"அந்தம்மாகிட்டயே ஒரு வார்த்த கேட்ருங்க" என்றார் வீரலட்சுமி.

"கேட்டா என்னைய வெவரங்கெட்டவன்னு நெனைக்கும். யாருக்குச் சொல்ற நீ?"

"அப்ப போனைக் கொண்டாங்க." பிடுங்கி, அந்தப் பிரபுவையே அழைத்தார். "தம்பி, செடியில நிக்கிற காயி யாருக்குன்னு முடிவாச்சு?"

"எல்லாமே உங்களுக்குத்தான் மேடம். அருணா மேடம் அப்பவே சந்தோசமாச் சொல்லிட்டாங்களே!"

வீரலட்சுமி போனை அணைத்தார். "செருப்பைக் கழட்டுங்க."

அந்த நிற்கிற காய்க்காக அருணா சோலைமலையின் ஆபீசில் போட்ட சத்தம் எதிர்க்கடை வரை கேட்டது. இரண்டு மணி நேரம்! இந்தத் தடவை விளைந்த காயில் ஒன்றைக்கூட விடமாட்டேன் என்று மேசையைத் தட்டி, சாதித்தும்விட்டார். அதெல்லாம் வாய்ப்பேச்சோடு முடிந்தது, எந்த மெயிலிலும் ஏறவில்லை. அந்த ஆபீசில் உட்கார்ந்திருந்த எவனுக்காவது இது மறக்குமா?

பழைய எண்ணில் அருணாவைப் பிடித்தார்கள். "கணக்கெல்லாம் மாத்தலையே" என்றவர் அடுத்த மூச்சில், "காயை விட்டுக்குடுத்தேனா? எவன் சொன்னது?" என்று கத்தினார். வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஆபீஸ் மெயிலை எவனோ ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் டீக்கடையில் மகாராஜன் என்ன சொன்னார் தெரியுமா? "கொரலைக் கேட்டதுமே எனக்குத் தட்டுப்பட்டுப் போச்சுப்பா. சும்மா பேச விட்டுப் பாத்தேன்."

'நானாக இருந்தால் மெயிலைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பேன்' என்று இப்போது மனதுக்குள் சொன்னீர்கள் அல்லவா? வாருங்கள், நீங்களும் மகாராஜனுக்கு நெருங்கிய சொந்தம்தான்.

முதல் ஆறு லட்சம் அருணாவின் பழைய கணக்குக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் மீதி ஆறு லட்சம் இன்னும் போகவேண்டியிருந்தது. இனிமேல் விற்பதற்கு வீரலட்சுமி அத்தையிடம் நகையும் கிடையாது. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆகவே ஒரு சின்னப் பரீட்சை. புது சிம் ஒன்றிலிருந்து, 'அருணா பேசுறேன், இது என் புது நம்பர், கணக்கு மறுபடி மாறியிருக்கு' என்று மகாராஜனுக்கு மெசேஜ் தட்டிவிட்டு, வேடிக்கை பார்க்க அதே டீக்கடையில் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

படித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். அருணாவைப் பழைய எண்ணில் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. மனிதர் தேறிவிட்டார்!

பிறகு, செய்தி வந்த எண்ணை அழுத்தினார்.

என் சட்டைப்பையில் மணி அடித்தது.

"எடுங்க மேடம்" என்றார் மகாராஜன், என் பக்கம் திரும்பாமலே டீயை ஆற்றிக்கொண்டு. "சும்மா பேசுங்க. பக்கத்துலதான இருக்கேன்."