யோம் கிப்பூர் விரதமும் என் சக்கரை மாத்திரையும்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வூட்டுக்கு வந்த விருந்தாளி விரதம் இருப்பாரு, யாரும் தொந்தரவு பண்ணாம பார்த்துக்கணும்.

விருந்தாளி பேரு டேனியல். இஸ்ரேல்காரரு, யூதரு. வடக்கனந்தல்ல எங்க கரும்புக்குச் சொட்டுநீர்க் குழாய் போட வந்தவரு, ஒரு மாசமா எங்க வூட்டுலதான் தங்கியிருக்காரு. தமிழு நல்லாவே பேசுவாரு. யோம் கிப்பூர் அவங்களுக்குப் பெரிய நாளு. சாயங்காலம் ஆரம்பிச்சா மறுநாள் நட்சத்திரம் தெரியறவரைக்கும் சோறு கிடையாது, பச்சத் தண்ணிகூடக் கிடையாது!

விருந்தாளி பட்டினி கிடக்கறப்போ நாம திங்கறதா? ஊரு காறித் துப்பாது?

"நானும் இருக்கேன்"னேன்.

"ஒடம்புல ஏதாவது வியாதி இருக்கா? டாக்டரைக் கேட்டீங்களா?"ன்னாரு டேனியல்.

"ஒண்ணும் கிடையாதுங்க. மாசாமாசம் கிருத்திகை இருக்கறவன் நானு!"

அந்தக் கிருத்திகையில காலையில பாலு, மத்தியானம் வாழைப்பழம், ராத்திரி எட்டு இட்லின்னு நான் சொல்லல.

சமையக்கட்டுல எங்க வூட்டுக்காரி செல்வி புடிச்சிக்கினா. "சக்கரை கீற ஒடம்பு. உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வீம்பு?"

முந்தின சாயங்காலம் டேனியல் தயிர்சோறு தின்னுட்டு, சொம்பு சொம்பா தண்ணி குடிச்சாரு. நான் மறுநாளைக்குத் தாங்கணுமேன்னு கருவாட்டுக் குழம்பை வழிச்சு அடிச்சேன். விடியறப்போ நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு!

காலையில வழக்கம்போல சக்கரை மாத்திரை. அது சாப்பாட்டுல சேராதே! தண்ணியில்லாமலே முழுங்கினேன். என் சாமர்த்தியத்தை நெனச்சு எனக்கே பெருமை.

பத்து மணிக்குத் தலைவலி. பதினோரு மணிக்குக் கை நடுங்குது, வேர்வை ஊத்துது. பால்காரரைப் பார்த்து "வணக்கம் டாக்டர்"னேனாம்.

"வெறும் வயித்துல மாத்திரை போட்டுக்கினு உக்காந்துகினு கீறாரு இந்த மனுசன்!"னு செல்வி கத்தினா.

டேனியல் ஜெபப் புத்தகத்தை மூடிட்டு ஓடி வந்தாரு. "சீக்கிரம் சக்கரைத் தண்ணி!"

"விரதம்..."னு இழுத்தேன்.

"உயிருக்கு ஆபத்துன்னா சாப்பிட்டே ஆகணும். அதான் எங்க சட்டம். வாயைத் தொறங்க!"

பட்டினி கிடக்கற மனுசன் டம்ளரைப் புடிச்சி எனக்கு ஊட்டுறாரு! அவமானம் புடுங்கித் தின்னுச்சு. அதோட சேர்த்து நான் ஆறு இட்லி தின்னேன்.

டாக்டர் வந்து திட்டிட்டுப் போனாரு. தெருவே எட்டிப் பார்த்துச்சு. "இதுல யாருங்க விரதம்?"னு ஒருத்தர் கேட்டாரு.

நட்சத்திரம் வந்தப்புறம் டேனியல் நிதானமா தண்ணி குடிச்சிட்டு, என் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்தாரு. "இது நாங்க மன்னிப்புக் கேக்கற நாளு. என்னாலதான உங்களுக்கு இப்படி ஆச்சு? மன்னிச்சிருங்க."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தப்பு பூரா என்னுது! அங்கயே எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டேன்.

டேனியல் மன்னிச்சிட்டாரு. டாக்டர் போன்லயே மன்னிச்சிட்டாரு. செல்வி இன்னும் யோசிச்சிக்கினு இருக்கா.